புதுப்பிப்பு: பிஎச்டிக்குப் பின் உதவிப் பேராசிரியர் விண்ணப்பம், வேலை கிடைத்துவிட்டது

ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு நேர்காணல் அழைப்புகூட வரவில்லை என்று போன ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையில் பல்கலைக்கழகங்களுக்கான அட்டவணை 3ஏ-யை வைத்து மதிப்பெண்ணை நானே கூட்டிப் பார்க்கச் சொன்ன, இங்கே பதில் எழுதிய ஓர் அக்காவின் யோசனைதான். இளநிலை 13, முதுநிலை 23 (இரண்டிலும் எனக்கு எழுபதுகளில் சதவீதம்), பிஎச்டி 30, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) 5, ஐந்து கட்டுரைகளுக்கு 10. மொத்தம் 81. பிஎச்டி படித்தபோது வகுப்பெடுத்த காலத்தையும் அனுபவமாகக் காட்டியிருந்தேன். அது தவறு, பட்டத்துக்காகச் செலவான காலம் கணக்கில் வராது. ஆனால் அதன்பின் செய்த 18 மாத போஸ்ட்டாக்குக்கு (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) ஆண்டுக்கு 2 வீதம் 3 மதிப்பெண் உண்டு. அதற்கான சான்றிதழைத்தான் நான் இணைக்கவே இல்லை!

திருத்தி, 84 என்று அனுப்பியதில் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டாவதில் சேர்ந்துவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று. இந்த மதிப்பெண் நேர்காணலுக்குக் கூப்பிட மட்டுமே. ஆளைத் தேர்ந்தெடுப்பது முழுக்க நேர்காணலை வைத்துத்தான். முதல் இடத்தில் கரும்பலகை முன் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார்கள், திணறிப்போனேன். அடுத்ததற்கு ஒரு வாரம் தம்பியை உட்காரவைத்துப் பழகினேன்.

கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் அட்டவணை 3பி-யைப் பாருங்கள். அதில் பிஎச்டிக்கு 25, கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 6தான்.