ஸ்காலா 2.13-லிருந்து 3-க்கு மாறும்போது ஓவர்ரைடு மெத்தடில் டைப் சிக்கல்: வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. ஸ்காலா புரோகிராமிங் மொழியின் 2.13 பதிப்பில் எழுதிய பழைய புராஜெக்ட் ஒன்றை 3-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

'கணக்கு' என்று ஒரு கிளாஸ். அதில் 'நகல்' என்ற மெத்தட், ரிட்டர்ன் டைப் (திருப்பித் தரும் மதிப்பின் வகை) கணக்கு. அதிலிருந்து வரும் 'சேமிப்பு' கிளாஸ் நகலை ஓவர்ரைடு செய்து (தன் தேவைக்கு மாற்றி எழுதி) புதிய சேமிப்பு ஆப்ஜெக்டைத் திருப்பித் தருகிறது. டைப் மட்டும் எழுதவில்லை (எழுதியவன் நான்தான், ஆறு வருஷத்துக்கு முன்னால்).

2.13-இல் கம்பைலர் மெத்தடின் உடலைப் பார்த்து சேமிப்பு என்றே ஊகித்துக்கொள்ளும். அதனால் நகலை அழைத்த கையோடு, சேமிப்பில் மட்டும் இருக்கும் 'வட்டி' மெத்தடையும் அழைக்கலாம். 3-இல் டைப் எழுதாவிட்டால் தாய் கிளாஸில் இருக்கும் டைப்பையே எடுத்துக்கொள்கிறது. விளைவு: 'வட்டி என்பது கணக்கில் இல்லை' என்று பிழை. ஜாவாவில் இந்த வம்பே இல்லை, ரிட்டர்ன் டைப்பை எழுதியே ஆகவேண்டும்.

கையால் டைப் எழுதினால் சரியாகிவிடுகிறது, அது தெரியும். ஆனால் இப்படி நூற்றுக்கணக்கான மெத்தடுகள். கோடைத் தானாகத் திருத்தும் கருவியான ஸ்காலாஃபிக்ஸின் எக்ஸ்பிளிசிட் ரிசல்ட் டைப்ஸ் விதியை ஓட்டிப் பார்த்தேன், சம்பந்தமில்லாத இடங்களிலும் டைப்பை எழுதித் தள்ளிவிட்டது. ரிவியூ செய்பவர் அடிக்க வருவார்.

ஓவர்ரைடில் டைப் உண்மையிலேயே மாறுகிற இடங்களை மட்டும் திருத்த வழி உண்டா? 2.13 கம்பைலரில் எக்ஸ்-சோர்ஸ் 3 ஆப்ஷனை (3-இல் மாறப்போகும் இடங்களை எச்சரிப்பது) போட்டு எச்சரிக்கைகளைப் பிடித்துத் திருத்தியவர்கள் யாராவது இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்க.