சிமெண்ட் தரையில் சிவப்புச் சாயம்: புதுத் தரை போடும் முன்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பழைய வீடு வாங்கியிருக்கும் தம்பி ஒருவர், தரையில் உள்ள சிவப்புப் பெயிண்டை எடுக்காமல் மேலேயே வினைல் (பிளாஸ்டிக் தரைத் தகடு) ஒட்டலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. நாங்கள் அப்படித்தான் ஒட்டினோம். மூன்றே மாதத்தில் கூடத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நாக்கு நீட்டியது. அதைப் பிடித்து இழுத்தேன், அடியில் பசை அப்படியே இருந்தது. பசையோடு சேர்ந்து சிவப்புத் தோல் ஒன்று, வெங்காயச் சருகு மாதிரி, உரிந்து வந்திருந்தது. அதாவது வினைல் பெயிண்டை விடவில்லை. பெயிண்ட்தான் சிமெண்டை விட்டுவிட்டது. வேலை செய்து கொடுத்த கான்ட்ராக்டரிடம் கேட்டால் பசை நல்ல பசைதான் என்றார். அது உண்மைதான், ஆனால் எதன் மேல் ஒட்டுகிறோம் என்று அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. நான் காரைக்குடிப் பக்கம். எங்கள் வீட்டில் முற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல், உள் அறைகளில் சிவப்பு சிமெண்ட். ரெட் ஆக்சைடு பொடியைச் சிமெண்டில் கலந்து பூசி இழைத்த தரை அது. நிறம் மேலே இல்லை, உள்ளேயே இருக்கிறது. இங்கே வந்து இந்தத் தரையைப் பார்த்ததும் அதேதான் என்று நினைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்தவர், பார்த்ததுமே சொன்னார்: "இது சாயம்மா. இங்க இருந்தவங்க தீபாவளிக்குத் தீபாவளி ஒரு கை அடிப்பாங்க." இங்கே பெயிண்டைச் சாயம் என்றுதான் சொல்வார்கள், கடையில் கேட்கும்போது நினைவில் வையுங்கள். வெறும் சிமெண்ட் தரையோடு கிடைத்த வீடுகளில் குடும்பங்கள் தாங்களே சாயம் அடித்து, வருடா வருடம் மேலே மேலே ஏற்றியிருக்கும். எங்கள் வீட்டில் உடைந்த ஓரத்தில் எண்ணினேன்: சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு, அடியில் சாம்பல்.

எனவே முதலில் கத்தி முனையால் ஒரு மூலையில் சுரண்டுங்கள். சிவப்புப் பொடியாக வந்து, உள்ளேயும் சிவப்பாகவே இருந்தால் ஆக்சைடு தரை. தோலாக, செதிலாக வந்து அடியில் சாம்பல் தெரிந்தால் சாயம். அப்புறம் கட்டரால் பெருக்கல் குறி போலக் கீறி, பலமான டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு சாயம் வந்தால் அதன் மேல் எதையும் ஒட்டக்கூடாது.

சாயத்தை எடுக்கத்தான் வேண்டுமா என்பது மேலே என்ன போடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்றோடொன்று கிளிக் என்று பூட்டிக்கொள்ளும் எஸ்பிசி பலகை (கல்பொடியும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்தது) என்றால், அது தரையில் ஒட்டாமல் மிதப்பது. உரிந்த இடங்களை மட்டும் சுரண்டி, மேடு பள்ளத்தைச் சரி செய்தால் போதும், மீதிச் சாயம் இருந்துவிட்டுப் போகட்டும். பொதுவாக 2 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது என்பார்கள். பசை போட்டு ஒட்டும் வினைல், டைல்ஸ் என்றால் சாயம் போயே ஆகவேண்டும். டைல்ஸ் பசைக்கும் சிமெண்டுக்கும் நடுவில் சாயம் இருந்தால், அந்த டைல்ஸ் சாயத்தின் தயவில்தான் நிற்கும்.

எடுக்கும் வேலைக்கு வருவோம். கடையில் கேட்டால் ஆசிட் ஊற்றச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், நானும் ஊற்றினேன். சாயம் உரிந்திருந்த இடத்தில் மட்டும் புஸ்ஸென்று நுரை வந்தது. சாயம் இருந்த இடம் கண்ணாடி போல அப்படியே கிடந்தது. ஆசிட் சிமெண்டில் உள்ள சுண்ணாம்பைத்தான் தின்னும், சாயத்தைத் தொடாது. வீணாக நல்ல சிமெண்ட் அரித்துப் போகும். அதையும் மீறிக் கையில் எடுக்கிறவர்கள், பக்கத்தில் குளோராக்ஸ் வகை பிளீச் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும்.

சூடு காட்டும் துப்பாக்கியும் பயன்படாது. சிமெண்ட் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், நம் கைதான் சிவக்கும்.

எங்களுக்கு உதவியது கெட்டியான பெயிண்ட் ரிமூவர். மெல்லியதாகத் தேய்க்காமல் தோசை மாவு கனத்துக்கு ஊற்றிப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை விட வேண்டும். காய்ந்துவிட்டால் வேலை செய்யாது, இந்த வெயிலில் மூடாமல் விட்டால் உடனே காய்ந்துவிடும். ஊறிய பிறகு கரண்டி வைத்து வழித்தால் எல்லா அடுக்கும் சேர்ந்து களியாக வரும். வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு, டைகுளோரோமீத்தேன் என்று இருந்தால் எடுக்காதீர்கள். மூடிய அறையில் அதன் ஆவியை இழுத்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-இல் அது சேர்ந்த பெயிண்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தினார்கள். காஸ்டிக் சோடா வகை என்றால் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், பல தடவை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மிச்சம் இருந்தால் புதுப் பசையையும் கெடுக்கும். வழித்த களியை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள், அது ஆற்றுக்குத்தான் போகிறது. பழைய செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்துக் கட்டிவையுங்கள்.

பெரிய கூடமாக இருந்தால் கிரைண்டர்தான் வேகம். நாலு அங்குல கிரைண்டரில் வைரக் கப் வீல் மாட்டி அரைக்கலாம். ஆனால் தயவுசெய்து தூசியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிமெண்டை அரைத்தால் பறப்பது சிலிக்கா. நுரையீரலில் படிந்தால் அது வெளியே வராது. சிலிக்கோசிஸ் என்ற நோயும், புற்றுநோயும் வருவது உறுதியாகத் தெரிந்த விஷயம். கிரைண்டரைச் சுற்றி மூடி மாட்டி, வேக்குவம் இணைத்து, என்95 மாஸ்க்காவது போட்டுச் செய்யுங்கள். சாதாரண நீல மாஸ்க் இதற்குப் போதாது. இங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அரைப்பதற்கு முன்னால் இன்னொன்று, என் மனசு கேட்காமல் சொல்கிறேன். பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு ஈயம் சேர்ந்த நிறமிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். குழந்தை உடலில் ஈயம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. என் மகன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான், அதனால் இது எனக்குப் புத்தக அறிவு அல்ல. பஞ்சில் தேய்த்துப் பார்க்கும் ஈயச் சோதனைக் குச்சிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு அடுக்கையும் தேய்த்துப் பாருங்கள். ஈயம் தெரிந்தால் காய்ந்த நிலையில் தேய்ப்பதும் அரைப்பதும் வேண்டாம், நனைத்துச் சுரண்டுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள், வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாட்ஸ்அப்பாக இருந்தாலும் சரி.

சாயம் போன பிறகு தரையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் கருத்து உள்ளே இறங்கினால் சிமெண்ட் திறந்துவிட்டது. முத்து முத்தாக நின்றால் இன்னும் ஏதோ இருக்கிறது.

கடைசியாக ஈரம். பழைய வீடுகள் பலவற்றில் தரைக்கு அடியில் பிளாஸ்டிக் விரித்திருக்க மாட்டார்கள், மண்ணின் ஈரம் நேரே மேலே வரும். எங்கள் அடுப்படியில் சாயம் உரிந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். ஏறி வந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் சாயத்தை அடியிலிருந்து தள்ளியிருக்கிறது. சாயம் எடுத்த இடத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் அடைத்து, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் முத்து கோத்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. எங்கள் வீட்டில் கூடம் காய்ந்திருந்தது, அடுப்படி மூலையில் நீர் கோத்திருந்தது. அதனால் கூடத்தில் வினைல், அடுப்படியில் டைல்ஸ் என்று பிரித்துக்கொண்டோம்.

சாயந்திர மழை விடாமல் பெய்யும் வாரத்தில் இதைச் செய்வது நல்லது, தரை எவ்வளவு கெட்டதோ அதைக் காட்டிவிடும். பக்கத்து வீட்டு அக்காவும் தன் கூடத்தில் ஒரு மூலையைச் சுரண்டிவிட்டு, நேற்று மழைக்கு முன்னால் தாளை ஒட்டியிருக்கிறார். இன்று சாயந்திரம் போய்த் திறந்து பார்க்கிறோம், அப்புறம் வந்து எழுதுகிறேன்.