அப்பா தலைப்பாகை கட்டிய நாள்: உங்கள் குடும்பம் அய்யா வைகுண்டரிடம் வந்தது எப்படி?

இரணியல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு இரணியல் பக்கம். அப்பா தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர், கோயில் குளம் என்று எங்கேயும் போக மாட்டார், வீட்டில் ஒரு சாமி படம்கூட மாட்ட விட்டதில்லை. அம்மைக்குப் பிறந்த வீடு அகஸ்தீஸ்வரம் பக்கம். பக்கத்திலேயே நிழல்தாங்கல், அதாவது அய்யா வழிக்காரர்கள் கூடிக் கும்பிடும் சின்ன இடம், இருந்ததால் சின்ன வயதிலிருந்தே அங்கே மதியம் சொல்லும் உச்சிப்படிப்பு கேட்டு வளர்ந்தவர். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு நெற்றியில் இடும் வெள்ளை மண்ணான திருநாமத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். விடியற்காலையில் குளித்துவிட்டு நெற்றியில் ஒரு கோடு இழுப்பார், அப்பா எழுந்து வருவதற்குள் முந்தானையால் துடைத்துவிடுவார். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் அரிசி அளக்கப் போன என் கையில் அந்த டப்பா தட்டுப்பட்டது. "அப்பாகிட்ட சொல்லாத பிள்ளே" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் அம்மைக்கு மூட்டு வலி வந்து பஸ் ஏற முடியாமல் போனதும் அப்பாதான் பைக்கில், அய்யாவின் தலைமைப் பதி (கோயில்) இருக்கிற சாமிதோப்புக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். கொண்டு விடுவதோடு சரி, உள்ளே போக மாட்டார். டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. போன வைகாசித் திருவிழாவில் நல்ல மழை பிடித்துக்கொண்டது, கடையில் நிற்க இடமில்லை, உள்ளே வந்துவிட்டார். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டித்தான் கருவறை மாதிரியான பள்ளியறைப் பக்கம் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவிடம் துண்டு இருந்தது, கட்டத் தெரியவில்லை. அங்கே நின்ற ஒரு வயசாளி அவர் கையிலிருந்து துண்டை வாங்கி, தன் பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டு, "இங்க யாருக்கும் குனியாண்டாம், நிமிந்து நில்லுங்க" என்றார். எதிரே கண்ணாடி, பக்கத்தில் விளக்கு. அப்பா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லோரும் வெளியே வந்து வெகு நேரம் கழித்துத்தான் வந்தார்.

வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர், இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய அப்பூப்பன் (தாத்தா) பனையேறி. பண்ணையார் வீட்டு வாசலைத் தாண்டும்போது தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து போவாராம். கூடப் போன அப்பா அப்போது ஐந்து வயசுப் பிள்ளை. "அந்தத் துண்டு இன்னைக்குத்தான் எங்க குடும்பத்துல தலைக்கு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போது வாரம் தவறாமல் போகிறார். தம்பியும் அவன் மனைவியும் போகிறார்கள். திருநாம டப்பா அரிசிப் பானையிலிருந்து வெளியே வந்து அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் என் சித்தப்பா, அவரும் இயக்கக்காரர், "ஒரு மனுசனக் கும்பிடத்தானா இத்தன வருசம் மேடையில பேசின?" என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்குப் பதில் வரவில்லை. அண்ணன் தம்பிக்குள் ஒரு மாதமாகப் பேச்சில்லை, அது எனக்குத் தாங்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனும், "கண்ணாடியில தெரியுறது நான்தான், அப்போ யாரைம்மா கும்பிடுறோம்?" என்கிறான்.

உங்களுக்கு அய்யா வைகுண்டர் யார்? குருவா, தெய்வமா, போராளியா? சந்தேகத்தோடு இருந்த வீடுகள் எப்படி வந்தன? பிள்ளைகளுக்கு என்ன சொன்னீர்கள்?

தென்தாமரைகுளம் பெரியவர்:

அய்யா உண்டு. மக்களே, உன் அப்பா கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

எங்களுக்கு அய்யா நாராயணர் அவதாரம், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. ஆனால் உன் அப்பா இன்றைக்கே அப்படிச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவருக்கு எது பிடிபட்டதோ அங்கிருந்து நடக்கட்டும்.

அவருக்குப் பிடிபட்டது சின்ன விஷயம் இல்லை. 1809-இல் பிறந்த பிள்ளைக்குப் பெற்றவர்கள் முடிசூடும் பெருமாள் என்றுதான் பெயர் வைத்தார்கள். தாழ்ந்த சாதிப் பிள்ளைக்கு முடியும் பெருமாளுமா என்று மேல்சாதிக்காரர்கள் எதிர்க்க, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பெயரில்கூட முடி கூடாது என்று இருந்த காலம் அது. கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ஆம் தேதி, அதாவது 1833-இல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தவர், தன்னிடம் வருகிறவன் தலைப்பாகை கட்டி வரட்டும் என்று வைத்தார். பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி. உன் மகனிடம் இதைச் சொல்: அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. தெரிவது அவன்தான். உன்னைக் குனிய வைத்த ஊரில், உனக்குள்ளேயே இறைவன் இருக்கிறான், நிமிர்ந்து பார் என்று சொல்லத்தான் அந்தக் கண்ணாடி.

எங்கள் வீட்டுக்கும் இது சும்மா வந்துவிடவில்லை. என் பாட்டா பதிக்குப் போனபோது அவர் அண்ணன் கிண்டல் செய்து மூன்று வருடம் வீட்டு வாசல் மிதிக்கவில்லையாம். கடைசியில் பாட்டா வீட்டுக் கல்யாணப் பந்தியில் வந்து உட்கார்ந்தார். வந்தவரிடம் பழைய பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. உன் சித்தப்பா விஷயத்திலும் அப்படியே இருங்கள்.

குளச்சல் காற்று:

நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் சித்தப்பாவுக்குப் பதில் வேண்டும் என்றால் என்னிடம் இருக்கிறது, அது அவர் மொழியிலேயே இருக்கும்.

சாமிதோப்பில் முத்திரிக் கிணறு இருக்கிறதே, அதைப் பற்றி அவரிடம் கேளுங்கள். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்துக் குளித்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒருவர் 1830-களில் செய்து காட்டினார். வைக்கம் போராட்டம் 1924. திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச அறிவிப்பு 1936. இரண்டுக்கும் ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்னால், அரசாங்கம் எதிராக நிற்கும்போது, கையில் ஒரு பதவியும் இல்லாதவர் செய்தது இது. சுவாதித் திருநாள் காலத்தில் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். வெறும் பஜனை பாடுகிறவர் என்றால் ராஜாவுக்கு என்ன பயம்? 1851-இல் அவர் மறைந்து எட்டு வருடம் கழித்துத்தான், தோள்சீலைக் கலகத்துக்குப் பிறகு, 1859-இல் நாடார் பெண்கள் மேலாடை போட அனுமதித்து அரச உத்தரவு வந்தது. பெண்கள் இடுப்பில் தண்ணீர்க் குடம் வைக்கக்கூடாது, தலைச்சுமையாகத்தான் எடுக்க வேண்டும் என்றெல்லாம் தடை இருந்த ஊர் இது.

எனவே "மனுசனக் கும்பிடுறியா" என்று சித்தப்பா கேட்டால், ஆமாம், மனிதனை மனிதனாக நிற்க வைத்த மனிதனை என்று அப்பா சொல்லலாம். என் அம்மை தினமும் நாமம் போடுகிறவர். சின்ன வயதில் நான் அவரிடம் சண்டை பிடித்திருக்கிறேன், அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். நான் நம்பவில்லை, ஆனால் மாசி 20 ஊர்வலத்தில் நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்பு வரைக்கும் அவர் கூட நடப்பேன்.

ஈத்தாமொழி அக்கா:

தங்கச்சி, எங்கள் வீட்டில் எல்லோரும் வந்தது ஏடு வாசிப்பு வழியாக. கார்த்திகையில் 17 நாள் அய்யா வழியின் புனித ஏடான அகிலத்திரட்டு வாசிப்பார்கள் இல்லையா, என் மாமியாருக்கு அதை வாசிக்க வேண்டும் என்று ஆசை, ஆனால் எழுத்தே தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் என் மூத்த மகளிடம் 'அ, ஆ' படிக்க உட்கார்ந்தார். என் கணவருக்கு அப்போது இதிலெல்லாம் நம்பிக்கையே கிடையாது, "இனி படிச்சு என்ன கலெக்டராகவா போறீங்க" என்று கேட்டவர். மூன்றாவது வருடம் கார்த்திகையில் நிழல்தாங்கலில் மாமியார் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி நாலு வரி வாசித்தார். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு வேகம் அதிகம். என் கொழுந்தன், பதம் என்று குடிக்கிற முத்திரிக் கிணற்றுத் தண்ணீர் போதும் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். கால் புண் ஆறாமல் இரண்டு விரலை எடுக்கும்படி ஆகிவிட்டது. அதன் பிறகு பதியில் பணிவிடை செய்கிற ஒரு பெரியவரே அவரைக் கூப்பிட்டு, பதமும் குடி, மாத்திரையும் போடு, உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ள அய்யா சொல்லவில்லை என்று திட்டினார். உன் அம்மையின் மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்ப்பதை நிறுத்தி விடாதே. அப்பாவுக்கு பிரஷர் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்.

அப்புறம் காணிக்கை, பரிகாரம் என்று யாராவது இடையில் நின்று பணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். காணிக்கை கேட்கக்கூடாது என்பது அய்யாவின் போதனை. பூவும் பழமும் வெற்றிலைப் பாக்கும் வைத்து ஒரு சுருள், முடிந்தால் அன்னதானத்துக்குக் கொஞ்சம் அரிசி, அது போதும்.

இரணியல்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பெரியவர் எழுதியதையும் குளச்சல்காரர் எழுதியதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிசூடும் பெருமாள் பெயர்க் கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ராத்திரி அவராகவே சித்தப்பாவுக்குப் போன் போட்டார். என்ன பேசினார்கள் என்று முழுதாகத் தெரியவில்லை, "ஆமடா, கிணறு, கிணறு" என்று சத்தமாகச் சொன்னது மட்டும் அடுக்களை வரைக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பைக் வேண்டாம், தம்பி காரை எடுக்கட்டும், சித்தப்பாவையும் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார். வந்தாலும் டீக்கடையில்தான் இருப்பேன் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறாராம். இருக்கட்டும்.

அக்கா, அம்மையின் மாத்திரை எதையும் நிறுத்தவில்லை, டாக்டரிடமும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் மாமியார் கதையைக் கேட்டதிலிருந்து அம்மை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏட்டை எடுத்து வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

மகனுக்கு நான் பதில் சொல்வதற்கு முன்பே அப்பா அவனைக் கூப்பிட்டுத் தலைப்பாகை கட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நாலு தடவையும் அவிழ்ந்து விழுந்தது. ஐந்தாவது தடவை நின்றது. நேரே பீரோ கண்ணாடிக்கு ஓடினான்.