சைகோன் நாவலும் லாட்டரிச் சீட்டு விற்ற அம்மாவும்

வெளிநாட்டில் இருந்தபோது யாருக்கு என்ன உதவி செய்தோம் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன், ஆனால் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆலிஸ் மெக்டெர்மாட்டின் 'அப்சல்யூஷன்' நாவல் (2023) படித்தவர்கள் இருக்கிறீர்களா? 1963-இல் கணவர்களின் வேலைக்காகச் சைகோனில் போய் இறங்கிய அமெரிக்கப் பெண்களின் கதை. ஷார்லீன் என்பவள் பார்பி பொம்மைக்கு வியட்நாமியப் பெண்கள் உடுத்தும் ஆவ் யாய் தைக்க வைத்து, அதை மற்ற அமெரிக்கர்களிடம் விற்று, அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குப் பொம்மையும் மிட்டாயும் கொண்டுபோவாள், புதிதாகக் கல்யாணமாகி வந்த டிரிஷியாவையும் கூடவே இழுத்துக்கொண்டு. உட்கார்ந்து தைப்பது லிலி என்கிற வேலைக்காரப் பெண். அதே வருடம் ஜூன் 11-இல்தான் திக் குவாங் டுக் என்ற பிக்கு சைகோன் நாற்சந்தியில் தீக்குளித்தார், நவம்பரில் தென் வியட்நாம் அதிபர் ஜியெம் கொல்லப்பட்டார். ஊர் அப்படி இருக்கும்போது இவர்கள் மிட்டாய்க் கூடையோடு போகிறார்கள்.

படிக்கப் படிக்க எனக்கு என் ஞாபகம்தான் வந்தது. என் வீட்டுக்காரருக்கு ஷூ கம்பெனி வேலை, இரண்டு வருடம் அதே ஊரில் இருந்தோம், இப்போது அதன் பெயர் ஹோ சி மின் நகரம். பகல் முழுக்க வீட்டில் நான் மட்டும்தான், பேச ஆளில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு அம்மா லாட்டரிச் சீட்டு விற்பார், பக்கத்தில் ஐந்தாறு வயதுப் பேத்தி. என் மகளுக்குச் சின்னதாகிப்போன கவுன், பொம்மை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டிருக்கலாம். அந்தக் குழந்தையை கவுனைப் போடச் சொல்லி, ஒரு போட்டோவும் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

மறுநாள் அந்தச் சீட்டு விற்கும் அம்மா என்னைப் பார்த்ததும் "சீ, சீ" என்று கூப்பிட்டார். அவர்கள் பேச்சில் அது அக்கா. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், மரியாதைக்கு அப்படிச் சொல்வார்கள். ஒரு சீட்டைக் கையில் திணித்தார், விலை பத்தாயிரம் டாங். நான் பணத்தை நீட்டினேன், கடைசிவரை வாங்கவில்லை. அன்றைக்கு அவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் என்னைப் போட்டோ எடுக்கவில்லை. நான் அன்றே அந்தப் படத்தை அழித்துவிட்டேன், ஆனால் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் அதற்குள் பார்த்துவிட்டார்கள்.

ஷார்லீனை வில்லி என்று யாராவது சொன்னால் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பிள்ளைகள் சிரித்தது உண்மை. என் ஆதங்கமெல்லாம் லிலி என்ன நினைத்திருப்பாள் என்பதுதான்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். காரைக்கால், புதுச்சேரிப் பக்கம் சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் நிறைய உண்டு, சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில்கூட இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த 1963-ஐப் பற்றிச் சொல்லியிருந்தால் எழுதுங்களேன்.