புதுப்பிப்பு: ஆர்எக்ஸ்-8க்கு டர்போ ரோட்டரி எஞ்சின்

என் மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை டர்போவாக மாற்ற நம்பகமான பழைய 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சின் (மஸ்டா ஆர்எக்ஸ்-7இன் டர்போ ரோட்டரி எஞ்சின்) சிங்கப்பூரில் எங்கே கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. இன்னும் வாங்கவில்லை.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில், ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின் ஒன்று. வெளியே பளபளவென்று இருந்தது. விற்பவர் எஞ்சினுக்குள் அழுத்தத்தை அளக்கும் சாதாரண கம்ப்ரஷன் கேஜை மாட்டிக் காட்டி, "நல்லா இருக்கு தம்பி" என்றார். அந்த கேஜை நம்பவே நம்பாதீர்கள். இந்த எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டருக்கு மூன்று முகம். கேஜ் பிடித்து வைப்பது அதிகமான அளவை மட்டும்தான். ரோட்டரின் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் ஒன்று போனால் அதன் இருபுறமும் உள்ள முகங்களில் அழுத்தம் படுத்துவிடும், மூன்றாவது ஜம்மென்று காட்டும்!

மூன்று முகத்தையும் தனித்தனியாக அளக்கும் ரோட்டரி டெஸ்டர் வைத்திருக்கும் நண்பரோடு மறுபடி போய், ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டோம். எஞ்சினின் பின்பக்க ரோட்டரில் ஒரு முகம் 8 கிலோவைத் தொட்டது. மற்ற இரண்டும் 5.5ஐத் தாண்டவில்லை. 250 ஆர்பிஎம்மில் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 7 கிலோ வேண்டும். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

இன்னொன்று: எஞ்சின் மாற்ற எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஒப்புதல் கட்டாயம். முன்பணம் கட்டும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

சுங்கை காடுட் பக்கம் ஒரு ஹாஃப்-கட் (எஞ்சினோடு வெட்டி எடுத்த பாதிக் கார்) வந்திருக்கிறதாம். சனிக்கிழமை டெஸ்டரோடு போகிறோம், அளவுகளை இங்கேயே போடுகிறேன்.