50 வருஷப் போர்க்கப்பலுக்குப் பம்பு இம்பெல்லர்: டிராயிங் இல்லாம வார்க்கறது எப்படி?

கணபதி_மோல்டர்:
வணக்கமுங்க. ஐஎன்எஸ் ஜலஷ்வா 1971-ல அமெரிக்கக் கடற்படையில சேர்ந்த கப்பல், 2007-ல நம்மகிட்ட வந்துச்சு. ஐஎன்எஸ் விராட் 1959-ல பிரிட்டன்ல பணிக்கு வந்து 2017 மார்ச் வரைக்கும் பணியில இருந்துச்சு. இத்தனை வருஷம் உப்புத்தண்ணியில தகடு எப்படித் தாங்குது? இன்னொண்ணு, இந்த வயசுக் கப்பலோட கடல்நீர் பம்புக்கு டிராயிங் இல்லாம, தேஞ்ச இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தித் தண்ணியைத் தள்ளற சக்கரம்) ஒண்ணை மட்டும் சாம்பிளாக் குடுத்தா என்னென்ன பார்க்கோணும்? கன்மெட்டல் (செம்பு-வெள்ளீயக் கலவை) போதுமா, எஸ்எஸ் 316 துருப்பிடிக்காத எஃகுக்குப் போலாமா?

டிரைடாக்_தகடு:
தகட்டுக்கு வயசு ஒரு பிரச்னையே இல்லீங்க. ரஷ்யாவோட கொம்யூனா மீட்புக் கப்பல் 1913-ல தண்ணியில இறக்கினது, 100 வயசைத் தாண்டியும் கருங்கடல் படையில வேலை பார்த்துச்சு. டிரை டாக்ல (தண்ணியை வடிச்சுக் கப்பலைப் பழுது பார்க்கற இடம்) ஏத்தறப்பெல்லாம் அல்ட்ராசோனிக் கேஜ் வெச்சுக் கட்டம் கட்டமாக் கனம் அளப்பாங்க. பொதுவாக் கால்வாசிக்கு மேல தேஞ்சிருந்தா, அதாவது 12 மி.மீ. தகடு 9-க்குக் கீழ போனா, அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வெக்கறாங்க. வெட்டற மூலையை உருட்டித்தான் வெட்டோணும். சதுர மூலைன்னா விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பழசு மேலயே தகடு ஒட்டறது தற்காலிக வேலை. நடுவுல ஈரம் நின்னு, கண்ணுக்குத் தெரியாம அரிக்கும்.

வெளிப்பக்கத்தைப் பெயின்ட்டும், இரும்புக்குப் பதிலாத் தான் கரையற துத்தநாகக் கட்டியும் காப்பாத்தும். சில்வர் குளோரைடு எலக்ட்ரோடு வெச்சுத் தகட்டோட மின்னழுத்தத்தைப் பார்த்தா மைனஸ் 800-லிருந்து 1050 மில்லிவோல்ட்டுக்குள்ள இருக்கோணும். பெயின்ட் அடிக்கறவங்க துத்தநாகக் கட்டி மேலயும் சேர்த்து அடிச்சுட்டா அத்தோட அது செத்துப்போச்சு. மோசமாப் போறது உள்பக்கம்தான்: அடித்தளத்துல தேங்கற தண்ணி, கழிவறைக்கு அடியில, நங்கூரச் சங்கிலி அறை. கப்பலை ஓய்வுக்கு அனுப்பறது பெரும்பாலும் தகடு இல்லீங்க; பாய்லர் ட்யூப், பைப், வால்வு, பம்பு, கேபிள் இன்சுலேஷன், கிடைக்காத உதிரி பாகம் இவைதான்.

பேட்டர்ன்_பட்டறை:
சாம்பிளை அப்படியே மோல்டுல அமுக்கினா மூணு பக்கமும் அடி வாங்குவீங்க: தேய்மானம், உலோகம் ஆறறப்ப வர்ற சுருக்கம், மெஷினிங் அலவன்ஸ் (கடைஞ்செடுக்கறதுக்கு விடற கூடுதல் கனம்) இல்லாமை. நிக்கல் அலுமினியம் பிரான்ஸுங்கற செம்புக் கலவைக்குச் சுருக்கம் 2 சதவீதம் பக்கம் வரும். நம்மூர் வார்ப்பிரும்புப் பழக்கத்துல 1 சதவீத ஸ்கேல் எடுத்தா சின்னதாப் போயிடும். வெளி விட்டம் 5 சதவீதம் குறைஞ்சா ஹெட் (பம்பு தண்ணியை ஏத்தற உயரம்) 10 சதவீதம் போகும். அதனால பேர்ப்பலகையில இருக்கற ஹெட், ஃப்ளோ, ஆர்பிஎம் மூணையும் கேட்டு வாங்குங்க. வேர் ரிங் (இம்பெல்லருக்கும் கேஸிங்குக்கும் நடுவுல இருக்கற தேய்மான வளையம்) அளவை இம்பெல்லர்ல எடுக்காம கேஸிங்ல, அதாவது பம்போட வெளிக்கூட்டுல, தேயாத இடத்துல எடுங்க. அமெரிக்கக் கப்பல்னா இன்ச் கணக்கு, 25.4-ஐ 25-னு ரவுண்டு பண்ணிடாதீங்க.

உலோகத்துல என்னென்ன கலந்திருக்குன்னு ஸ்பெக்ட்ரோ மெஷின்ல பார்த்துட்டு, இருக்கறதையே போடுங்க. சி95800 (நிக்கல் அலுமினியம் பிரான்ஸ்ல ஒரு கிரேடு) வந்தா அலுமினியம் 8.5 முதல் 9.5, நிக்கல் 4 முதல் 5, இரும்பு 3.5 முதல் 4.5 சதவீதம். இரும்பு நிக்கலை மிஞ்சக் கூடாது. வார்க்கறப்ப கலக்கல் இல்லாம அடியிலிருந்து ஏறற மாதிரி கேட்டிங் (உருகின உலோகம் மோல்டுக்குள்ள போற வழி) வெக்கோணும். இல்லைன்னா மேல படியற அலுமினா ஆடை மடிஞ்சு உள்ள சிக்கும், ரேடியோகிராஃபில (எக்ஸ்ரே மாதிரி சோதனை) மாட்டும். ரைசர் (சுருங்கற இடத்துக்கு உலோகம் ஊட்டற கூடுதல் தொட்டி) தாராளமா இருக்கட்டும், இந்த உலோகம் சுருங்கறது ஒரே இடத்துல குழியா விழும். கன்மெட்டல்ல அது பொடிப்பொடியாப் பரவி, ஹைட்ரோ டெஸ்ட்ல (தண்ணி அழுத்தம் குடுக்கற சோதனை) வேர்க்கும், அதாவது தண்ணி கசியும். வெல்டிங் பண்ணி ஒட்டினா 675 டிகிரி செல்சியஸ்ல 6 மணி நேரம் வெச்சு எடுக்கோணும். அதை விட்டா வெல்டுக்குப் பக்கத்துலயே அரிக்கும்.

கணபதி_மோல்டர்:
நன்றிங்க. 316 பத்திச் சொல்லலீங்களே?

சிங்கை_டெஸ்ட்பெஞ்ச்:
வேண்டாமுங்க. துறைமுகத்துல கட்டிக் கிடக்கறப்ப தேங்கின கடல்நீர்ல 316 குழி குழியா அரிக்கும். ஓடறப்ப இம்பெல்லர் நல்லா இருக்கும், ஆனா ரெண்டும் வேற வேற உலோகமா இருந்தா கடல்நீர்ல அது கேஸிங்கைத் தின்னும். கேஸிங் வார்ப்பிரும்புன்னா இன்னும் மோசம். பார்க்க முழுசா இருக்கும், கத்தி வெச்சா பென்சில் மாதிரி சீவலாம். இரும்பு கரைஞ்சு கிராஃபைட் மட்டும் நின்னிருக்கும்.

டெஸ்ட்ல ஒரு கண்ணி இருக்குதுங்க. அமெரிக்கக் கப்பல் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம டெஸ்ட் பெஞ்ச் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரா மாட்டினா வேகம் ஆறுல அஞ்சு பங்குதான்: ஃப்ளோ 83 சதவீதம், ஹெட் 69 சதவீதம். இதைப் பார்த்துட்டு நல்ல இம்பெல்லரை ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. கப்பல் மோட்டாரையே மாட்டினா அது சூடும் ஆகும். 440-ஐ 60-ஆல வகுத்தா 7.3, 415-ஐ 50-ஆல வகுத்தா 8.3, அதனால மோட்டாரோட இரும்புக் கோர் காந்தப்புலம் அதிகமாகித் திணறும். விஎஃப்டி (ஹெர்ட்ஸை மாத்திக் குடுக்கற கருவி) வெச்சு 60-ல ஓட்டுங்க. அது இல்லைன்னா 50-லயே பெஞ்ச் மோட்டார்ல ஓட்டி, 60-க்குக் கணக்குப் போட்டு மாத்தின ஃப்ளோ-ஹெட் கர்வையும் ரிப்போர்ட்டோட குடுங்க. பேலன்சிங் தரம் (சின்ன எண்ணுன்னா இன்னும் துல்லியம்) ஜி 6.3-ஆ, 2.5-ஆன்னு ஆர்டர்லயே எழுதி வாங்கிக்கோங்க, மெஷினிங் முடிஞ்ச பின்னாடி கேட்டா எடுக்கறதுக்குச் சதை இருக்காது.