மறுமொழி: பைனரி சர்ச் – 'இருமத் தேடல்' போதுமா?

அனைவருக்கும் வணக்கம். அடுக்கிவைத்த பட்டியலின் நடுவில் பார்த்து, வேண்டாத பாதியை விலக்கிக்கொண்டே போகும் கணினித் தேடல் முறைதான் 'பைனரி சர்ச்'. நம் சொல்தொகுதியில் அதற்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற விவாதத்தில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> பைனரி என்றால் இருமம். ஆகவே இருமத் தேடல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது, தண்டையார்பேட்டை அண்ணா. 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதும் எண்முறைக்கு 'இருமம்' என்ற சொல்லை எப்போதோ கொடுத்துவிட்டோம். அதையே இங்கும் வைத்தால், இரும எண்களுக்குள் தேடுவதாகத்தான் புதியவர் படிப்பார். ராயபுரத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு தம்பி கேட்டான்: "பெயர்ப் பட்டியலை முதலில் 0, 1 ஆக மாற்றிக்கொள்ள வேண்டுமா?" (இருமலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டவனைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

> 'பாதித் தேடல்' எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான், ஆனால் தேடலைப் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனதுபோல் ஒலிக்கிறது. 'அரைத்தேடல்' அதைவிட மோசம், அரைகுறையும் அரைவேக்காடும் கூடவே வந்து நிற்கும். 'செம்பாதித் தேடல்' எனக்குச் சில நாள் பிடித்திருந்தது. ஆனால் பட்டியலில் 7 பேர் இருந்தால் செம்பாதி ஏது?

என் பரிந்துரை 'வகிர்தேடல்'. வகிர்தல் என்றால் பிளத்தல், கூறாக்குதல். தலையில் எடுக்கிறோமே வகிடு, அந்தக் குடும்பத்துச் சொல். வகிடு ஒருமுறைதானே எடுப்போம், இங்கே திரும்பத் திரும்பப் பிளக்கிறோமே என்று கேட்பீர்கள். இது வினைத்தொகை: வகிர்ந்த, வகிர்கின்ற, வகிரும் தேடல். மூன்று காலமும் உள்ளேயே இருக்கிறது. 10 லட்சம் பதிவுகள் இருந்தாலும் அதிகம் போனால் 20 ஒப்பீடு, அவ்வளவுதான்.

> 'வரிசைத் தேடல்' என்றால் தரவு வரிசையாக இருக்க வேண்டும் என்பதும் புரியுமே.

இந்தக் கவலை நியாயமானது. இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மண்ணடியில், சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் ஓர் அலுவலகத்துக்கு சி மொழியில் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். பெட்டக எண் என்பது 4 எழுத்தும் 7 இலக்கமும். அந்த 11 குறிகளையும் சேர்த்து ஒப்பிட்டுப் பட்டியலை அடுக்கியிருந்தேன். தொலைபேசியில் பேசுகிறவர்கள் இலக்கங்களை மட்டுமே சொல்கிறார்கள் என்பதால், சி மொழியோடு வரும் தேடல் செயற்கூறான (function) பிசர்ச்சுக்கு (bsearch) இலக்கங்களை மட்டும் ஒப்பிடும் வேறொரு செயற்கூறைக் கொடுத்துவிட்டேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. சில பெட்டகங்கள் கிடைத்தன; சிலவற்றுக்கு, 'கிடைக்கவில்லை' என்று பொருள்படும் வெற்றுச் சுட்டி (null pointer) திரும்பியது. எல்லாமே கிடைக்காமல் போயிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். இருக்கிற பெட்டகத்தை இல்லை என்று நிரல் சொல்ல, எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி ஓட்டுநர் ஒருவர் அரை நாள் காத்துக் கிடந்தார். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஆகவே 'வரிசை' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த ஒப்பீட்டின்படி வரிசை என்பதே கேள்வி. என் பட்டியலும் வரிசையாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு, தரவை வைக்கும் அமைப்புகளான கியூவுக்கு 'வரிசை'யையும் ஸ்டேக்குக்கு 'அடுக்கு' என்பதையும் எழுதிக் கொடுத்தாயிற்று. ஒழுங்கு என்ற பொருளுடைய 'நிரல்' என்ற அழகான சொல்லையும் புரோகிராமுக்குத் தாரைவார்த்துவிட்டோம்.

இன்னொன்று. பிசர்ச் என்ற செயற்கூறின் பெயரைத் தயவுசெய்து மொழிபெயர்க்க வேண்டாம். வகிர்தேடல் என்பது வழிமுறையின் பெயர். அந்தச் செயற்கூறு உள்ளே பாதி பாதியாகத்தான் தேட வேண்டும் என்று சி மொழியின் தரநிலை எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. தரவு முறைப்படி அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நம்மிடம்தான் நிபந்தனை போடுகிறது. ஒரே மதிப்பு பல இடங்களில் இருந்தால் எதைத் தரும் என்பதற்கும் உறுதி கிடையாது. முதலாவதுதான் வரும் என்று நம்பி எழுதாதீர்கள்.

சொல்தொகுதிக்கு நான் எழுதியிருக்கும் விளக்கம்:

வகிர்தேடல்: தேடும்போது பயன்படுத்தும் அதே ஒப்பீட்டின்படி முன்பே அடுக்கிவைத்த தரவில், நடு உறுப்பை ஒப்பிட்டு, வேண்டாத பாதியை விலக்கிக்கொண்டே போகும் தேடல்.

நீளம் என்றால் வெட்டுங்கள், 'அதே ஒப்பீட்டின்படி' என்பதை மட்டும் விட்டுவைத்து. ஒற்றுப் போட்டு 'வகிர்த்தேடல்' என்று திருத்தவும் வேண்டாம், வினைத்தொகையில் மிகாது.